சின்னக் கண்ணாடியும் மாசிப் பனியும்

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே வாசனை வந்துவிட்டது. உருகிய பசைக்குச்சியின் வாசனை. என் மகள் பள்ளிக்கூடத்துக்காக அட்டையில் ஒரு கோட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். பசைத் துப்பாக்கியைச் சுவர் பிளக்கில் செருகிவிட்டு, அது மறுபடி சூடாகும்வரை பொறுமையில்லாமல் விசையை அழுத்தி அழுத்திப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, தள்ளி நில்லு, சுட்ரும்" என்று எனக்கே சொல்கிறாள். வருடக்கணக்கில் கம்பெனியில் அதே மாதிரித் துப்பாக்கியைப் பிடித்து விரல் காய்த்துப் போனவளிடம் சொல்கிறாள். சமையலறைக்குப் போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். உன் நினைப்பு வந்துவிட்டது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் உன்னால் படித்திருக்க முடியாது, யாராவது வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். அதற்கும் நீ ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியாதா உன் வீம்பு.

நீ ஓசூருக்கு வந்தபோது இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியும் ஒரு டப்பா நிறைய வடகமுமாக வந்து இறங்கினாய். நான் சானமாவுக் காட்டுக்கு இந்தப் பக்கத்து ஊர்க்காரி. ஆனாலும் இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களில் வேலை முடிந்து ஊருக்குப் போக பஸ் கிடையாது என்பதால் தொழிற்பேட்டைக்குப் பின்னால் லைன் வீட்டில் அறை எடுத்திருந்தேன். இன்வெர்ட்டருக்குள் வைக்கிற எலக்ட்ரானிக் போர்டு செய்கிற கம்பெனி. போர்டில் ஈயம் உருக்கிப் பாகங்களை ஒட்டுகிற, சால்டர் வைக்கிற லைனில் என் பக்கத்து நாற்காலி உனக்கு. முதல் நாளே "ஏட்டி, இந்த ஊர்ல தண்ணி ஏன் இப்படிக் குளுருது?" என்று கேட்டாய். அந்த 'ஏட்டி'யைக் கேட்டு லைனே சிரித்தது. ஒரு பக்கம் கன்னடம், ஒரு பக்கம் தெலுங்கு, நடுவில் எங்கள் கிருஷ்ணகிரித் தமிழ் என்று ஓடிக்கொண்டிருந்த இடத்தில் உன் பேச்சு தனியாகக் கேட்டது. ஒரு மாதத்தில் என் அறைக்கே குடிவந்துவிட்டாய்.

உன் கண் விஷயம் எனக்கு ஒரு சாயங்காலத்தில்தான் தெரிந்தது. மார்கழி மாதம், ஆறு மணிக்கே இருட்டிவிடும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கினால் என் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாய். பாசம் என்று நினைத்திருந்தேன். அன்று எனக்கு ஏதோ அவசரம், முன்னால் போய்விட்டேன். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் நீ சாக்கடைக்குள் முழங்கால் அளவுக்கு நின்றுகொண்டிருக்கிறாய்.

"கண்ணு என்னா பொடனிலயா இருக்குது?" என்று கத்தினேன்.

"பொடதில இருந்தாக்கூட இதவிட நல்லாத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாய். சிரிப்பு சரியாக இல்லை.

அந்த வாரமே சொன்னாய். சின்ன வயசிலிருந்தே உனக்கு இருட்டில் பார்வை கிடையாது. வானத்தில் நட்சத்திரம் என்று மற்றவர்கள் சொல்வதை நீ சும்மா தலையாட்டிக் கேட்டு வளர்ந்திருக்கிறாய். பெங்களூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காட்டினாயாம். பார்வையின் சுற்றுவட்டம் சுருங்கிக்கொண்டே வரும், நிறுத்த மருந்து இல்லை என்றாராம் டாக்டர். நிறையப் பேருக்கு நடுப் பார்வை கடைசிவரைக்கும் தாக்குப்பிடிக்கும், உனக்கு நடுவிலும் ஆரம்பித்துவிட்டது என்றும் சொன்னாராம்.

"சுத்திலும் போகுது, சரி, அது எனக்கே தெரியுது" என்றாய். "நடுவுலயும் போகுதுங்காரு. அத மட்டும் நான் ஒத்துக்கிட மாட்டேன் பாத்துக்கோ. சால்டர் வைக்கேம்லா? கண்ணு தெரியாமலா வைக்கேன்?"

உன் போர்டுகள் திரும்பி வர ஆரம்பித்திருந்த காலம் அது. ஈயம் பக்கத்துப் பாகத்தின் காலில் ஒட்டியிருக்கும். சூட்டுக்கோலின் முனை சரியில்லை என்றாய், முனையை மாற்றினார்கள். விளக்கு மங்கல் என்றாய், விளக்கையும் மாற்றினார்கள். நம் லைனில் அதுதானே வழக்கம். டெஸ்டிங்கில் தோற்ற போர்டு சீட்டு ஒட்டி நம்மிடம் வரும். சந்தேகப்பட்ட பாகத்தைக் கழற்றி, நல்லது என்று தெரிந்த ஒன்றைப் போட்டுத் திருப்பி அனுப்புவோம். மறுபடி தோற்றால் அடுத்த பாகம். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் எது மிச்சமோ அதுதான் கோளாறு. நீ உன்னையே அப்படித்தான் சோதித்துக்கொண்டிருக்கிறாய் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் கூடி டெலஸ்கோப்புக்குக் கண்ணாடி தேய்க்கிறார்கள் என்று யாரோ உன்னிடம் சொல்லிவிட்டார்கள். நட்சத்திரமே தெரியாதவளுக்கு டெலஸ்கோப் எதற்கு என்று கேட்டேன், வாய் கொஞ்சம் நீளம் எனக்கு. "அதுலயும் வட்டமாத்தானட்டி தெரியும். என் கண்ணுக்கும் வட்டந்தான் மிச்சம். சரியாப் பொருந்தும்" என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணைக்கு நானும் பஸ் ஏறினேன்.

இரண்டு வட்டக் கண்ணாடி, நடுவில் கரகரப்பான மாவும் தண்ணீரும். ஒரு டிரம்மைச் சுற்றி நடந்துகொண்டே மேல் கண்ணாடியைக் கீழ்க் கண்ணாடியில் தேய்க்க வேண்டும். அதற்குக் கண் வேண்டாம், கை போதும். மற்றவர்கள் அடிக்கடி எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நீ சத்தத்தைக் கேட்டே மாவு தேய்ந்துவிட்டது என்பாய். அவர்களில் பாதிப் பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். நீ முடித்தாய். அங்கே சொல்லிக்கொடுத்தவர் உன் கண்ணாடியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு. சனிக் கிரகத்தோட வளையத்துல மெல்லிசா ஒரு கறுப்பு இடைவெளி இருக்கும். நல்ல கண்ணாடியும் நல்ல கண்ணும் இருந்தா அது தெரியும். இந்த வருஷம் வளையம் நல்லா விரிஞ்சு இருக்கு, பாருங்க" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னதுதான். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காதோரம் சொன்னாய், "அந்தக் கோடு எனக்குத் தெரிஞ்சிட்டா டாக்டர் சொன்னது தப்பு."

தெரியாவிட்டால் என்ன என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குழாய் எங்கள் அப்பா கொடுத்தது. அந்த வருடம் நிலத்தில் போர்வெல் போட்டு, தண்ணீருக்குப் பதில் புகைதான் வந்தது. வாங்கி வைத்த கேசிங் பைப் களத்து ஓரம் கிடந்தது. "தண்ணி வராத கொழாய், நட்சத்திரமாவது வருதான்னு பாருங்க" என்று அறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். கீழே தாங்கும் பெட்டிக்குக் கம்பெனியில் சரக்கு வந்த பலகைகள். குழாயின் அடியில் உன் பெரிய கண்ணாடி. மேல்வாய்க்குப் பக்கத்தில், வெளிச்சத்தைப் பக்கவாட்டுக்குத் திருப்பிவிட ஒரு சின்னக் கண்ணாடி. அது தீப்பெட்டி அகலம்கூட இருக்காது. பக்கத்தில் கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ்.

வீட்டுக்காரம்மாவுக்குத்தான் பெரிய கலக்கம். "யாக்கம்மா, ஏம்மா, வேற எதுவும் இல்லையா பாக்கறதுக்கு? கோயில்லயே அவருக்கு நேரா நிக்க மாட்டோம். நீங்க தேடிப் போயி மொகத்தப் பாக்கறீங்க" என்றார். "அவரு என்னய ரொம்ப நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. நானும் ஒரு தடவ பாத்துட்டா சரியாப் போகும்" என்று நீ சொன்னதும் அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு கீழே போனார். ஆனாலும் மாடிச் சாவியைக் கொடுத்தார்.

குறி வைப்பது என் வேலை. நீ இருட்டில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நான் சனியைப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டு உன் தலையைப் பிடித்து லென்ஸின்மேல் கொண்டுபோய் வைப்பேன். முதல் நாள் நீ அழுதாய். "ஏட்டி, இருக்கு. வளையம் இருக்கு. தொங்குது" என்று சொல்லிக்கொண்டே அழுதாய்.  ஆனால் கோடு தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் பால் கலந்த மாதிரி வெளுத்துப் போனது.

பனி. ஓசூர்ப் பனியைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தான் வைத்திருந்தேன், அது டெலஸ்கோப்பையும் பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும். வானம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு பனி. திறந்த வாய்க்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கண்ணாடி சீக்கிரம் குளிர்ந்துவிடும், குளிர்ந்ததும் அதன்மேல் ஈரம் பூத்துவிடும். நான் துப்பட்டாவால் துடைக்கப் போனேன், பளாரென்று கையில் அடித்தாய். பூச்சு போய்விடுமாம். கீழ் வீட்டில் முடி காயவைக்கிற மெஷின் கடன் வாங்கி ஊதினோம். ஊதினால் போகும், நிறுத்தினால் வரும். ஊதிய சூட்டில் சனி கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காசைப் போல நெளிந்தது. அடுத்த வருட மார்கழியில் ஒவ்வொரு ராத்திரியும் "பனி விழுந்துட்டுட்டி" என்று சொல்லித்தான் நீ லென்ஸிலிருந்து தலையை எடுப்பாய். ஒரு நாள் நீ அப்படிச் சொன்னபோது நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். சின்னக் கண்ணாடி காய்ந்துதான் இருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு, "ஆமா, பனிதான்" என்றேன்.

சூடு வைக்கலாம் என்பது உன் யோசனைதான். நாம் போர்டில் வைக்கிற ரெசிஸ்டர் வழியாகக் கரண்ட் போனால் அது சூடாகும். பொடிப் பொடி ரெசிஸ்டர்களை வரிசையாகச் சால்டர் வைத்துச் சின்னக் கண்ணாடியின் முதுகில் ஒட்டிவிட்டால், பக்கத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர் பேட்டரியை வைத்து ஓட்டினால், கண்ணாடி குளிராது. குளிராவிட்டால் பனி பிடிக்காது. சூப்பர்வைசரிடம் கேட்டு ஒதுக்கித் தள்ளிய ரெசிஸ்டர்களை வாங்கி வந்தாய். அறைத் தரையில் உட்கார்ந்து செய்தோம். கணக்கெல்லாம் உன்னுடையது, ஈயம் என்னுடையது. "பத்தாதுடி, இந்த ஊர்ப் பனிக்கு இன்னும் சூடு வெக்கணும்" என்று நான் சொல்லச் சொல்ல நீ கணக்கை ஏற்றிக்கொண்டே போனாய். முடிந்ததும், லைனில் கடைசியாக என்ன செய்வோமோ அதையே செய்தோம். எதுவும் ஆடக் கூடாது என்று ரெசிஸ்டர்களின்மேல் பசைத் துப்பாக்கியால் தாராளமாகப் பசை விட்டோம். கண்ணாடியையும் அதைக் குழாய்க்குள் தாங்குகிற தண்டோடு அதே பசையில் ஒட்டினோம்.

நாள் முழுக்க அதே வேலை செய்கிறவர்கள் நாம். பசை சூட்டில்தான் உருகுகிறது என்று கைவிரலுக்குத் தெரியும். அதையே கொண்டுபோய் ஒரு சூடு போடுகிற சாமானின்மேல் விட்டோமே, இருவருக்கும் ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. நாம் தொட்ட போர்டெல்லாம் குளிர்ந்த போர்டு. கரண்ட் கொடுத்து அவை சூடாவது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், டெஸ்டிங் அறையில். அங்கே நம்மை விட்டதில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் மாடியில் அதை ஓட்டினோம். பனி கொட்டியது, மொட்டைமாடிச் சுவரெல்லாம் நனைந்தது, சின்னக் கண்ணாடி மட்டும் காய்ந்திருந்தது. நீ குதித்தாய். சனி நெளிந்துகொண்டிருந்தது என்றாலும் இருந்தது. "கொஞ்சம் சூட்டக் குறைச்சா நின்னுரும்" என்று சொல்லி நீ குனிந்தாய். குழாய்க்குள் டொக்கென்று ஒரு சத்தம்.

இருவரும் அசையவில்லை. பிறகு நான் டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தேன். சின்னக் கண்ணாடி தண்டிலிருந்து கழன்று, பசை நூல் நூலாக இழுக்க, கீழே போய்ப் பெரிய கண்ணாடியின்மேல் விழுந்து இரண்டாக உடைந்து கிடந்தது. உன் கண்ணாடியின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. "என்னட்டி? சொல்லு, என்ன?" என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். டார்ச் வெளிச்சத்திலும் உன்னால் அங்கே பார்க்க முடியவில்லை. நான் குழாயின் அடிப்பலகையைக் கழற்றி, உன் விரலைப் பிடித்து அந்த ஓரத்தில் வைத்தேன். நீ அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டாய். வீட்டுக்காரம்மா படியில் நின்று, "நான் சொன்னேனே" என்றார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் நீ அறையிலேயே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். விட்டுவிடு என்று நான் சொன்னேன். உண்மையாகவே நீ விட்டுவிட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். பனியிருக்கிறது, கண்ணாடியில் சில்லு பெயர்ந்திருக்கிறது என்றெல்லாம் நீ காரணம் சொல்லிக்கொண்டு இருக்கலாமே. நீ எழுந்து பெங்களூருக்குப் போனாய். ஓரத்துச் சில்லால் ஒன்றும் ஆகாது, கறுப்பு அடித்துவிட்டால் போதும் என்றார் தேய்க்கச் சொல்லிக்கொடுத்த அந்தச் சார். புதுச் சின்னக் கண்ணாடி வாங்கி வந்தாய்.

இரண்டாவது முறை நீ என்னைக் கணக்கில் வாய் வைக்க விடவில்லை. மீன்தொட்டி ஒட்டுகிற பசையால் ஒட்டி, அது காயும்வரை நாள்கணக்கில் தொடாமல் வைத்தாய். ஒட்டுவதற்கு முன்னால் சூட்டைக் குறைத்துக் குறைத்து, பேட்டரியை இணைத்துவிட்டு என் கன்னத்தில் அந்தக் கண்ணாடியின் முதுகை வைப்பாய். "சூடு தெரியுதா?" லேசா தெரியுது என்பேன். "தெரிஞ்சா அது அதிகம்" என்று மறுபடி பிரிப்பாய். சுற்றியிருக்கிற காற்றைவிட ஒரு துளி அதிகம் இருந்தால் போதுமாம், அதுவே பனியைத் தள்ளி நிறுத்தும். ரோட்டைக் கடக்கும்போது நான் உன் கையைப் பிடித்து இழுத்தால்கூட அதையேதான் சொல்வாய். "கைய விடுட்டி. நீ பக்கத்துல நடந்தாப் போதும்." நான் கேட்டதே இல்லை, இறுக்கித்தான் பிடிப்பேன்.

மாசி பிறந்தபோது எங்கள் ஊருக்குப் போனோம். மார்கழியில் யானைக்கூட்டம் சானமாவுக்கு வந்து கேழ்வரகைத் தின்றுகொண்டிருந்தது, சாயங்காலத்துக்குமேல் யாரும் நிலத்துப் பக்கம் போக முடியாது. மாசியில் அவை வேறு பக்கம் போய்விட்டன. இருந்தாலும் எங்கள் அப்பா கம்பளியும் டார்ச்சுமாக வரப்பில் வந்து உட்கார்ந்துகொண்டார். "ஒண்டி யானை ஏதாச்சும் நின்னுட்டு இருக்கும்மா. நீங்க பாருங்க, நான் காட்டுப் பக்கம் பாத்துக்கறன்" என்றார்.

இருட்டி வெகுநேரம் ஆகவில்லை. சனி தலைக்குமேல் நின்றது. அதற்குள் புல் நனைந்துவிட்டது, குழாயின் வெளிப்பக்கம் கை வைத்தால் தண்ணீர் ஒட்டியது. பேட்டரியை இணைத்தோம். நான் குறி வைத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன்.

"நீ பாரு மொதல்ல" என்றாய்.

பார்த்தேன். முதலில் எப்போதும்போல்தான் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் தெரிந்தது. "இருக்குதுடி! கோடு இருக்குது!" என்று நான் போட்ட சத்தத்தில் அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

நீ குனிந்தாய். நான் குழாயை மெல்லத் தள்ளித் தள்ளிச் சனியை உனக்கு நடுவிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.  கண்ணை மாற்றிப் பார்த்தாய். மறுபடி மாற்றினாய். எனக்குள் இருந்த சந்தோஷமெல்லாம் கரைந்துபோனது.

"டார்ச் அடி. பனி இருக்கா பாரு."

அடித்தேன். "இல்ல. காஞ்சிருக்குது."

"சூடு வருதா?"

தொட்டுப் பார்த்தேன். விரலுக்குத் தெரிந்தும் தெரியாத சூடு. "வருது."

"நீ இன்னொரு தடவ பாரு."

என்னை எதற்குப் பார்க்கச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இல்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எனக்கும் மறைந்துவிட்டது, காற்று சரியில்லை, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லலாம். குனிந்தேன். கோடு அப்படியே நின்றது. நீ என் தோளில் கை வைத்துக் காத்திருந்தாய். லைனில் டெஸ்டிங் சீட்டுக்காகக் காத்திருக்கிற மாதிரி நின்றாய். உன்னிடம் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"இருக்குதுடி" என்றேன்.

"அப்பக் கண்ணாடி நல்லாத்தான் இருக்கு" என்றாய். என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "பனியும் இல்ல" என்றாய். 

"என்னாம்மா, தெரிஞ்சுதா?" என்று அப்பா வரப்பிலிருந்து கேட்டார்.

"நல்லாத் தெரிஞ்சிதுப்பா" என்று அவரிடம் சிரித்த குரலில் சொன்னாய். பேட்டரி வயரை நீயே தடவிக் கண்டுபிடித்துக் கழற்றினாய்.

வீட்டுக்குப் போகிற வழியில் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "அது எப்படிட்டி இருந்துச்சு, சொல்லு" என்று கேட்டாய். "என்னா பெருசா, மெல்லிசா ஒரு கோடு. அவ்ளோதான்" என்றேன். பெரிதாகச் சொன்னால் உனக்கு வலிக்கும் என்று நினைத்தேன். நீ அதற்குப்பின் கேட்கவே இல்லை.

அடுத்த வாரம் நீயே சூப்பர்வைசரிடம் போய், சால்டர் வைக்க இனி என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தாய். பேக்கிங்கில் போடுகிறேன் என்று அந்த மனுஷன் நல்லபடியாகத்தான் சொன்னார். நீ கேட்கவில்லை. உன் தம்பி வந்து தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். டெலஸ்கோப்பை நீ எடுத்துப் போகவில்லை. நான் உன்னோடு சண்டை போட்டேன், பஸ் ஸ்டாண்டில் வைத்தே போட்டேன். அந்தச் சூட்டையே போட்டிருக்கக் கூடாது, பனியோடேயே இருந்திருக்கலாம் என்று கத்தினேன். "இருந்திருக்கலாம்" என்று நீ ஒத்துக்கொண்டாய். எதற்கும் லேசில் ஒத்துக்கொள்ளாதவள் ஒத்துக்கொண்டதும் எனக்குப் பயமாகிவிட்டது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசினோம். எனக்குக் கல்யாணம் ஆனதும் குழந்தை பிறந்ததும் போனில்தான் உனக்குத் தெரியும். பேச்சு முடிகிறபோது "அங்க பனி எப்படி இருக்கு?" என்று கேட்பாய். இந்த வருஷம் ரொம்ப என்பேன். "குழாய மூடி வை" என்பாய். உனக்கு முழுதாக இருட்டிவிட்டது என்பதை நீ சொல்லவில்லை, உன் தம்பி சொன்னான். நாலைந்து வருடத்தில் ஒரு காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. லைனில் போன் கூடாது. டீ இடைவேளையில் எடுத்துப் பார்த்தபோது தம்பியின் தவறிய அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. நான் பஸ் பிடித்து அம்பாசமுத்திரம் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலில் தண்ணீர் தெளித்திருந்தார்கள்.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானா அந்தப் பிள்ள? சனியோட வளையத்துல கோடு பாத்த பிள்ள?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய். நான் தேய்த்த கண்ணாடியில் என் சிநேகிதி பார்த்தாள் என்று. எப்படி இருந்தது என்று அவர்கள் கேட்டால், அவள் சொல்லவில்லை, சொல்லத் தெரியாதவள் என்பாயாம்.

சொல்லத் தெரியும்டி. இப்போது சொல்கிறேன், கேள்.

அது கோடே இல்லை. பார்த்தவுடன் ஒன்றும் இருக்காது. காற்று ஒரு கணம் நிற்கும், அப்போது வளையத்தின் இரண்டு ஓரத்திலும் கறுப்பு வந்து நிற்கும். சுற்றியிருக்கிற வானத்தைவிடக் கறுப்பு. அதைப் பார்த்த பிறகுதான் அது ஒரு வளையம் இல்லை, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு என்று தெரியும். ஒன்றையொன்று தொடாமல், நடுவில் அவ்வளவு இடம் விட்டு நிற்கின்றன. முன்பக்கம் வர வர அந்தக் கறுப்பு மெலிந்து காணாமல் போகும். காற்று ஆடினால் மறையும், பொறுத்திருந்தால் திரும்ப வரும். நான் அப்படி அழகான ஒன்றை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை. கண்ணை மூடினால் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நீ தேய்த்தது, நீ பனியை விரட்டியது, உனக்கு இல்லாமல் எனக்கு மட்டும் இருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.